சக்கைக்கு ஒரு சீட் பெல்ட்

"சாரே, சக்கைக்கு பெல்ட் போடணுமோ?"

துணை விமானி ஆதர்ஷ் கேலிக்காகக் கேட்கவில்லை. அவன் முகத்தில் கடமை உணர்ச்சி மட்டுமே இருந்தது. எட்டுப் பேர் உட்காரக்கூடிய அந்தக் குட்டி ஜெட் விமானத்தின் வெண்ணெய் நிறத் தோல் இருக்கைகளில், இருக்கைக்கு ஒன்றாக ஐந்து பலாப்பழங்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. திருவனந்தபுரத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்கும் பலாப்பழம் என்றால் சக்கைதான்.

கேப்டன் ஹரிஷங்கர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போட்டுடு. டேக் ஆஃப்ல உருண்டு வந்து நம்ம காலடில நின்னா யார் பதில் சொல்றது?"

"முதலாளி வரல்லியா?"

"ராத்திரியே ட்ரெயின்ல போயாச்சாம். வழியில சேலத்தில யாரையோ பாக்கணுமாம்."

"போன மாசமும் சேலம்தானே சாரே?"

"பெரிய மனுஷாளுக்கு ஆயிரம் காரியம் இருக்கும். நீ பெல்ட்டைப் போடு."

முதலாளி வேதமாணிக்கத்துக்கு விழிஞ்ஞம் பக்கம் ரிசார்ட்டுகளும் பெங்களூரில் ஹோட்டல்களும் இருந்தன. கூடவே இந்த விமானமும் இருந்தது. கூட்டாளி ஒருவர் விமானம் வாங்கிவிட்டார் என்ற வீம்பில், பல வருஷங்களுக்கு முன்னால் வாங்கியது. அன்றிலிருந்து ஹரிஷங்கர்தான் அதற்குக் கேப்டன். சமீப காலமாக முதலாளி ரயிலில் போவதும், அவருடைய சாமான்கள் விமானத்தில் போவதும் வழக்கமாகிவிட்டது. இன்றைய சக்கைகள் பெங்களூரில் இருக்கும் மகள் மீனுவுக்கு.

போனை அணைக்கப் போன நேரத்தில் ஒரு செய்தி வந்தது. சென்னையில் இருக்கும் ஒரு சரக்கு விமானக் கம்பெனி. 'கேப்டன், வேலை உங்களுக்குத்தான். பெரிய விமானத்துக்கான பயிற்சியும் நாங்களே தருகிறோம். உங்கள் ஊர்க் கோயில் ஆராட்டுத் திருவிழா நாள் மாலைக்குள் உங்கள் பதில் வேண்டும். விஷ்ணுப்ரியா.'

ஹரிஷங்கர் இந்த வேலைக்கு மனுப் போடவே இல்லை. அவர்களாகத்தான் கூப்பிட்டார்கள். "உங்களைப் பற்றி வேண்டியவர் ஒருவர் ரொம்ப உயர்வாகச் சொன்னார்" என்றாள் அந்தப் பெண். யார் என்று ஹரிஷங்கர் கேட்கவில்லை. தன்னுடைய புகழ் தன்னைவிட வேகமாகப் பறந்து சென்னைவரை போயிருக்கிறது என்று அவரே முடிவு செய்துகொண்டார். அந்த ஒரு விஷயத்தில்தான் அவரால் சட்டென்று முடிவு எடுக்க முடிந்தது.

மற்றபடி மனம் ஒரு நிலையில் இல்லை. விமானம் மேலே ஏறும்போது போகலாம் என்று தோன்றியது. இறங்கும்போது வேண்டாம் என்று தோன்றியது.

அன்று ஊர் திரும்பி, ஸ்ரீவராகம் பகுதியில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்ததும் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார்.

"உக்காந்து குடிக்கப்படாதா? தரையெல்லாம் காபி" என்றாள் மனைவி பத்மஜா.

"இத்தனை வருஷமா மனுஷாளை வச்சு ஓட்டிட்டு, இனிமே பெட்டியை வச்சு ஓட்டறதா பத்மஜா? ஒரு அனவுன்ஸ்மென்ட் பண்ணக்கூடப் பின்னால ஆள் இருக்காது."

"இன்னிக்கு யாருக்கு அனவுன்ஸ்மென்ட் பண்ணினேள்?"

ஹரிஷங்கர் நடப்பதை நிறுத்தினார். பழக்க தோஷத்தில் அன்று காலை சக்கைகளுக்கு வணக்கம் சொல்லி, பெங்களூரின் வானிலையையும் அறிவித்திருந்தார். ஆதர்ஷ் யாரிடமாவது சொல்லியிருப்பானோ?

"பெரிய பிளேன் ஓட்டணும்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிண்டு இருக்கேள். தானா வந்திருக்கு. போறேன்னு சொல்லுங்கோ."

"முதலாளியை விட்டுட்டா? அவருக்கு வேற யாரு இருக்கா? வேற ஒரு பைலட்டை அவர் நம்புவாரா? நான் போறேன்னு சொன்னா இடிஞ்சு போயிடுவார்."

"அப்போ போகாதேங்கோ."

"அதெப்படி? பெரிய பிளேனாச்சே!"

பத்மஜா காபி டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள். "அவர்கிட்டயே போய்க் கேளுங்கோ. எனக்கு வேற ஜோலி இருக்கு."

முதலாளியின் வீடு சங்குமுகத்தில், கடலைப் பார்த்தபடி இருந்தது. மறுநாள் ஹரிஷங்கர் போனபோது வேதமாணிக்கம் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். எழுபது வயது, வெள்ளை ஜிப்பா. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத முகம்.

"வாங்க கேப்டன், இருங்க. ஏதோ சொல்லணும்னு வந்த மாதிரி இருக்கு. சொல்லுங்க."

"அதொண்ணும் இல்லை சார்…"

"மனசுல எதையும் வச்சுக்கிடப்படாது கேட்டீங்களா. என்னவா இருந்தாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன். சொல்லுங்க, சொல்லுங்க."

முதலாளி நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். இவ்வளவு பாசமாகக் கேட்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? ஹரிஷங்கரின் நாக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"அந்தச் சக்கை சார்… பிளேன் பூரா மணம். கழுவினாலும் போக மாட்டேங்கறது."

"சக்கையா?" முதலாளியின் முகம் தொங்கிப்போனது. "அதுதான் விஷயமா?"

"அதுதான் சார்."

வேதமாணிக்கம் நாற்காலியில் பின்னால் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "செரி. உங்களுக்குப் பிடிக்கலேன்னா இனிமே சக்கை வேண்டாம்."

சொன்ன சொல் தவறாத மனிதர். அடுத்த வாரம் சக்கை வரவில்லை. விழிஞ்ஞம் துறையிலிருந்து நெய்மீன் வந்தது, ஐஸ் பெட்டிகளில். அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்த கேப்டன் ஹரிஷங்கர் பெங்களூர்வரைக்கும் மூக்கால் மூச்சு விடாமல் ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து மூன்று தடவை குளித்தும், பத்மஜா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளியே வைத்தாள்.

"நான் பேசறேன்" என்றாள். "ராகேல் மாமிகிட்ட சென்னை வேலையைப் பத்திப் பட்டும்படாம சொல்லி வைக்கறேன். அவா பாத்து எடுத்துச் சொல்லுவா."

ராகேல் முதலாளியின் மனைவி. பத்மஜா பட்டும்படாமல் சொன்னது இவ்வளவுதான்: "மாமி, இப்பல்லாம் இவருக்கு ராத்திரி தூக்கமே இல்லை. என்னத்தையோ யோசிச்சுண்டு நடக்கறார்."

ராகேல் அம்மாள் ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர். தூக்கம் இல்லை என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் வியாதிதான். "மக்ளே, பைலட்டுக்குத் தூக்கம் இல்லேன்னா எப்படிப் பறக்கது? முதல்ல டாக்டரைப் பாக்கணும்" என்று சொல்லி, அன்று சாயங்காலமே ஏற்பாடும் செய்துவிட்டார்.

தூக்கமில்லாத விமானி என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவர் விமானத்தைத் தொடக் கூடாது. இது எல்லா விமானிகளுக்கும் தெரியும். ஹரிஷங்கர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்தச் சேதி சென்னைக்குப் போனால் அந்த வேலையும் போகும், இந்த வேலையும் போகும்.

"யார் உன்னைத் தூக்கத்தைப் பத்திச் சொல்லச் சொன்னா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்மஜாவிடம் பல்லைக் கடித்தார்.

"பின்னே என்னத்தைச் சொல்றது? நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கேள்னு எனக்கே தெரியலை."

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், இதயத்தைப் படம் எடுத்தார், கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. வெளியே பெஞ்சில் முதலாளி வேதமாணிக்கம் தானே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை ஆரஞ்சு.

"ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்களா? ஸ்தோத்திரம்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்லட்டா கேப்டன்? இந்தச் சின்னப் பிளேன் ஆடுது பாத்தீங்களா, அந்த ஆட்டம்தான் உடம்புக்கு ஆகல. பெரிய பிளேன்னா ஆடாது. உங்க கைக்குப் பெரிய பிளேன்தான் லாயக்கு. யோசிச்சுப் பாருங்க."

வீட்டுக்கு வரும் வழியில் ஹரிஷங்கர் ஆட்டோவுக்குள்ளேயே எழுந்து நிற்கப் பார்த்தார்.

"கேட்டியா பத்மஜா? எனக்காக அவர் பெரிய பிளேன் வாங்கப் போறார்!"

"அப்படியா சொன்னார்?"

"பின்னே எப்படிச் சொல்லணும்? ஐயோ, இந்த மனுஷனை விட்டுட்டு எப்படிப் போறது?"

பத்மஜாவுக்கு என்னவோ உறுத்தியது. ஆனால் ஆட்டோவில் ஆரஞ்சுகள் உருண்டு ஓடியதால் அவற்றைப் பொறுக்குவதில் மறந்துவிட்டாள்.

இப்போது ஹரிஷங்கர் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தார். தான் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முதலாளியே கோபித்துக்கொண்டு போய் வா என்று சொல்லிவிட்டால்? அடுத்த முறை மீன் பெட்டி வந்தபோது போனை எடுத்தார்.

"சார், இது ஆள் ஏறுற பிளேன். மீன் ஏத்தினா நான் ஓட்ட மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மறுமுனையில் கோபத்துக்குப் பதிலாக ஒரு உற்சாகம் கேட்டது.

"கோபமா கேப்டன்? வேலை பிடிக்கலியா? பிடிக்கலேன்னா தைரியமாச் சொல்லிருங்க!"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை பிடிக்கவில்லையா என்று நேரடியாகக் கேட்டால் ஹரிஷங்கரின் வாய் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

"ஐயோ, ரொம்பப் பிடிக்கும் சார்! மீன்தான் பிடிக்காது."

மறுமுனையில் உற்சாகம் வடிந்தது. பிறகு மெலிந்த குரலில், "செரி… அப்ப ஆளையே ஏத்துவோம். நானே வாறேன்" என்றார் முதலாளி.

வந்தார். இருக்கையில் உட்கார்ந்ததும் பெல்ட்டை இறுக்கி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். விமானம் கிளம்பியதிலிருந்து பெங்களூரில் இறங்கும்வரை பைபிளிலிருந்து சங்கீதம் சொல்லிக்கொண்டே இருந்தார். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்பது காக்பிட்வரைக்கும் கேட்டது.

"எவ்வளவு பக்தி பாத்தியா?" என்றார் ஹரிஷங்கர், குரல் தழுதழுக்க. "நான் ஓட்டறேன்னா நிம்மதியா ஜெபம் பண்றார்."

ஆதர்ஷ் திரும்பிப் பார்த்தான். முதலாளியின் விரல்கள் கைப்பிடியின் தோலுக்குள் புதைந்திருந்தன. "நிம்மதி தன்னே சாரே" என்றான்.

இறங்கியதும் வேதமாணிக்கம் ஹரிஷங்கரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நல்ல பைலட்டு நீங்க. எங்க போனாலும் நல்லா இருப்பீங்க" என்றார். திரும்பும்போது சேலத்தில் வேலை இருக்கிறது என்று ரயிலில் வந்தார்.

ஆராட்டு நாள் வந்தது.

வருஷத்துக்கு இரண்டு தடவை பத்மநாப சுவாமி சங்குமுகம் கடலில் நீராடப் போவார். அவர் போகிற பாதையின் குறுக்கே விமான நிலையத்தின் ஓடுபாதை இருக்கிறது. பாதை பழையது, ஓடுபாதை நேற்று வந்தது. அதனால் ஓடுபாதைதான் வழிவிட வேண்டும். அன்று மாலை ஊர்வலம் போய்த் திரும்பும்வரை விமான நிலையம் மூடிக்கிடக்கும். உலகத்திலேயே கடவுள் நடந்து போவதற்காக விமானங்கள் காத்து நிற்கும் ஊர் தன்னுடையது என்று ஹரிஷங்கருக்கு எப்போதும் ஒரு பெருமை.

"இன்னிக்கு பறக்கவும் முடியாது, ஒளியவும் முடியாது" என்றாள் பத்மஜா. "சாயங்காலத்துக்குள்ள அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லியாகணும். முதலாளி ஆராட்டு பாக்க மொட்டைமாடிக்கு வரச் சொல்லியிருக்காரே, நேரா போய் விஷயத்தைச் சொல்லுங்கோ. சுவாமியே ஆத்தை விட்டு வெளியில இறங்கறார். உங்களுக்கு என்ன வந்தது?"

வண்டிகளை மறித்துவிட்டதால் ஹரிஷங்கர் வள்ளக்கடவு வழியாக நடந்தே போனார். பாதி வழியில் கூட்டம் அவரை ஓரமாகத் தள்ளி நிறுத்தியது. குதிரைப் போலீஸ் போனது, யானை போனது. கருட வாகனத்தில் சுவாமி வந்தார். கைகள் எல்லாம் தலைக்குமேல் உயர்ந்தன. ஹரிஷங்கரும் கும்பிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம், தூரத்தில், அவருடைய குட்டி விமானத்தின் வால் மட்டும் தெரிந்தது. ஓட்ட ஆள் இல்லாமல் அது தனியாக நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பாவமாக இருந்தது. அதற்குள் எத்தனை தடவை வணக்கம் சொல்லியிருக்கிறார், சக்கைகளுக்கும் சேர்த்து!

அப்போது அவருக்கு ஒரு ஞானோதயம் உண்டானது. சுவாமி வெளியில் இறங்குகிறார், சரி. ஆனால் எங்கே போகிறார்? இதோ இருக்கிற கடல்வரைக்கும். குளிக்கிறார். உடனே திரும்பித் தன் வீட்டுக்கே வந்துவிடுகிறார். சென்னைக்கா போகிறார்?

போன் அடித்தது. விஷ்ணுப்ரியா.

"கேப்டன், இன்னும் கொஞ்ச நேரத்துல லிஸ்ட்டை முடிக்கணும். என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"மன்னிச்சுக்கோங்கோ. என் முதலாளி என்னை நம்பி இருக்கார். நான் வரலை."

"நல்லா யோசிச்சீங்களா? அடுத்து ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார். அவரைக் கூப்பிட்டுட்டா அப்புறம் மாத்த முடியாது."

"கூப்பிடுங்கோ!" என்று நாதஸ்வரச் சத்தத்துக்குமேல் கத்தினார் ஹரிஷங்கர். பக்கத்தில் நின்றவர்கள் அவரும் சுவாமியைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கூடவே குரல் கொடுத்தார்கள்.

எத்தனையோ நாட்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. ஹரிஷங்கர் ஏறக்குறைய ஓடினார். முதலாளி வீட்டு மொட்டைமாடிப் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினார். வேதமாணிக்கமும் ராகேல் அம்மாளும் கடலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் ஒரு தட்டு நிறைய லட்டு இருந்தது. எதற்கு லட்டு என்று அவருக்குத் தோன்றவில்லை.

"வாங்க கேப்டன்!" முதலாளி எழுந்தே விட்டார். "இன்னைக்கு ஏதோ நல்ல சேதி சொல்லப் போறீங்கன்னு என் மனசு சொல்லுது. சொல்லுங்க!"

"சொல்றேன் சார். இத்தனை நாளா மறைச்சுட்டேன். ஒரு கார்கோ கம்பெனியில எனக்குப் பெரிய வேலை கொடுத்தா."

"அப்படியா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். ராகேல் அம்மாள் லட்டுத் தட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"வேண்டாம்னு சொல்லிட்டேன் சார்!"

லட்டுத் தட்டு அந்தரத்தில் நின்றது.

"இப்பத்தான், சுவாமி சாட்சியாச் சொல்லிட்டு வரேன். உங்களை விட்டு எங்கயும் போக மாட்டேன். எனக்காக நீங்க பெரிய பிளேன் எல்லாம் வாங்க வேண்டாம், இது போதும். சக்கை ஏத்துங்கோ, மீன் ஏத்துங்கோ, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். என் கடைசிக் காலம்வரைக்கும் இந்தப் பிளேனுக்கு நான்தான் கேப்டன்."

"கர்த்தாவே" என்றார் ராகேல் அம்மாள்.

வேதமாணிக்கம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "நல்லது கேப்டன்" என்றார் கடைசியில். "ரொம்ப… நல்லது." பிறகு துண்டை எடுத்து, அன்று விமானத்தில் செய்தது போலவே முகத்தை மூடிக்கொண்டார்.

இப்படி ஒரு முதலாளியின் ஆனந்தக் கண்ணீரைப் பார்க்க எத்தனை விமானிகளுக்குக் கொடுத்து வைத்திருக்கும்? தனியாக அழட்டும் என்று ஹரிஷங்கர் நாசூக்காகக் கீழே இறங்கி வந்தார். போர்ட்டிகோவில் டிரைவர் சத்தியதாஸ் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்து கையைக் குலுக்கினான்.

"சாரே, என்னைக்கு ஜாயின் பண்ணுறீங்க?"

"எங்கே?"

"கார்கோ கம்பெனியில! முதலாளி காலையிலயே லட்டு வாங்கி வரச் சொல்லிட்டாரு. பிளேனை வாங்கப்போற பார்ட்டியும் நாளைக்கு வருது அல்லே?"

ஹரிஷங்கர் கையை உருவிக்கொண்டார். "கார்கோ விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வேலையை உங்களுக்குக் கேட்டு வாங்கினதே முதலாளியாக்கும் சாரே! பிளேன்ல ஏறினா அவருக்கு உயிரு கையில இல்ல, ஆனா உங்களைப் போகச் சொல்லவும் வாய் வரல்ல… ஓட்ட ஒண்ணுமில்லேன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னுதானே இத்தனை நாளும் காசு கொடுத்துச் சக்கை வாங்கி ஏத்தி விட்டாரு!"